பிரஷரை ஏற்ற ஏற்ற ஏறிய ஏ.எச்.ஐ.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் அப்னியா' எனக்கு. ஸ்லீப் ஸ்டடியில் ஏ.எச்.ஐ., அதாவது ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்கும் அல்லது குறையும் தடவைகள், 38. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின் வாங்கி மாட்டும்வரை எந்தச் சிக்கலும் இல்லை.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் இன்னும் 16. மெஷின் வாங்கிய கடையில் இருந்த தம்பி அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "பிரஷர் பத்தல சார்" என்று 10-லிருந்து 13-க்கு ஏற்றிவிட்டார். அந்த வாரமே 22. டாக்டரிடம் கேட்காமல் அதற்குச் சம்மதித்ததுதான் நான் செய்த தவறு.

ஒரு ராத்திரி என் மனைவி விழித்திருந்து கவனித்தாள். "குறட்டை இல்லை, திணறலும் இல்லை. நெஞ்சு அசையாமல் அப்படியே நின்று போகிறது, அப்புறம் தானாக மூச்சு வருகிறது" என்றாள். தொண்டை அடைத்தால் நெஞ்சு போராடும். இது அதுவல்ல.

டாக்டரைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போனேன், மெஷினின் பதிவு இருக்கும் மெமரி கார்டை எடுக்காமல். எந்த வகை அப்னியா என்று தெரியாமல் எதையும் மாற்ற முடியாது என்றார். ஒரு நாள் வீண். போகிறவர்கள் முதலில் கார்டைப் பையில் போடுங்கள்.

அடுத்த முறை திரையில் காட்டினார். மூச்சின் அலை மெல்லச் சிறுத்து, 15 விநாடி தட்டையான கோடு, மறுபடி அலை. 22-ல் 17 சென்ட்ரல், அதாவது தொண்டை அடைக்காமல், மூளை சொல்லாததால் மூச்சு நிற்பவை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால்தான் மூளை 'மூச்சு விடு' என்கிறது. கூடுதல் அழுத்தத்தில் அந்த வாயு அதிகமாக வெளியேறினால் மூளை சும்மா இருந்துவிடும். பாதை திறந்தே இருக்கும்போது இன்னும் காற்றைத் தள்ளி என்ன பயன்?

பிரஷரை 9-க்குக் குறைத்தார். டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுக்கிறேனா என்று கேட்டார், எக்கோ எடுக்கச் சொன்னார். கடையில், மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைத் தானே மாற்றும் ஏ.எஸ்.வி. மெஷினுக்கு மாறச் சொல்லியிருந்தார்கள். எக்கோ பார்க்காமல் அதைத் தொடவே கூடாது என்றார்: இதயம் பலவீனமாகி, பம்ப் செய்யும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு அந்த மெஷினில் இதய மரணம் கூடியதை 2015-ல் வந்த ஆய்வு காட்டியதாம். எனக்கு எக்கோ நார்மல்.

மெஷினுக்குப் புதிதானவர்களில் பலருக்கு இது சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானே அடங்கிவிடுமாம். இன்னொன்று, விழித்தபடி புரண்டு படுக்கும்போது மூச்சைப் பிடித்தால்கூட மெஷின் சென்ட்ரல் என்று எழுதிவிடும். ஒரு ராத்திரிக் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஒன்பதாவது வாரம் இது. நேற்று 3.4, அதில் சென்ட்ரல் 1.2. மனைவியும் நிம்மதியாகத் தூங்கினாள்.