பார்க்காத ஆட்டத்தை எப்படி அளப்பது?

"பிராட்மேன் இன்றைக்கு டெஸ்ட் கிரிக்கெட் ஆடினால் 99.94 ரன் சராசரியெல்லாம் வராது" என்று அடித்துச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவர் காலத்திலேயே ஆடிய ஹெட்லி, சட்கிளிஃப் போன்ற ஜாம்பவான்களின் சராசரி 60-ஐ ஒட்டித்தான் நின்றது. எனக்கு அந்த இடைவெளிதான் பெரிது.

ஜெஸ்ஸி ஓவன்ஸையும் அப்படித்தான் பார்க்கிறேன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.3 விநாடியில் ஓடினார். இன்றைய உலகப் போட்டியில் அது எடுபடாது, சரி. ஆனால் அவர் ஓடியது கரிச்சாம்பல் தடத்தில். காலை உந்திக் கிளம்பக் கட்டை கிடையாது. ஓட்டக்காரர்களே சின்னக் கரணையோடு குனிந்து, குழி தோண்டி, அதில் பாதத்தைப் பதித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தக் குழியை விட்டுவிட்டு விநாடியை மட்டும் ஒப்பிட எனக்கு மனசு ஒப்பவே இல்லை.