ரிப்போர்ட் நார்மல், சோர்வு மட்டும் போகவில்லை

தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ராத்திரி தலையில் எலெக்ட்ரோடுகளை பேஸ்ட் வைத்து ஒட்டி, விடிய விடிய திரையில் ஓடும் அலைகளைப் பார்த்து, காலையில் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அவற்றைக் கழற்றுவேன். அப்போது, "தூக்கம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது வழக்கம். நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "தூங்கினேன். ஆனா தூங்கின மாதிரியே இல்ல."

திரையிலோ மூச்சு எங்கும் நின்றிருக்காது, கால் உதறியிருக்காது, ஆழ்ந்த உறக்கத்தின் பெரிய, மெதுவான அலைகளும் வந்திருக்கும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும். வீட்டார் அதைப் படித்துவிட்டு, "எல்லாம் மனசுதான்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது.

2012-இல் நரம்பியல் ஆய்வாளர் மெய்கன் நெடர்கார்டின் குழு எலிகளில் ஒன்றைக் கண்டது. மூளையின் ரத்தக்குழாய்களை ஒட்டிய இடுக்குகள் வழியே, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவம் உள்ளே இறங்கி, செல்களுக்கு நடுவே தேங்கும் கழிவை அள்ளிச் செல்கிறது. அக்குவாபோரின்-4 என்ற நீர்வாயில்கள் அதற்குத் துணை. கிளிம்ஃபாடிக் அமைப்பு என்று பெயரிட்டார்கள். தூங்கும் எலியின் மூளையில் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிகிறது என்றது 2013-இல் வந்த ஆய்வு. 2024-இல் இன்னொரு குழு, தூக்கத்தில் கழிவகற்றம் குறைகிறது என்று நேரெதிராகச் சொன்னது. வழக்கு இன்னும் தீரவில்லை.

நாள்பட்ட சோர்வு நோயில் அந்தத் திரவ ஓட்டம் தடைபடுகிறது என்பது இப்போதைக்கு ஊகம்தான். தலைக்குள் மூட்டம், சிறு வேலைக்குப் பிறகு நாள்கணக்கில் படுக்கை, எவ்வளவு தூங்கினாலும் தெளியாத உடம்பு, இவற்றோடு அது பொருந்திப் போவதால் ஆராயத் தகுந்தது என்பது என் எண்ணம். ஆனால் "மூளைக் கழிவை வெளியேற்றுகிறோம்" என்று பொடியும் மசாஜும் விற்பவர்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்று கேட்பவர்களிடம் சொல்லிவிடுவேன்.

என் கருவி அளப்பது மூளையின் மின் அலைகளை, மூச்சை, கால் அசைவை. திரவம் ஓடியதா, தேங்கியதா என்று அதற்குத் தெரியாது. அதனால் காலையில் அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறிப்புப் பகுதியில் எழுதுகிறேன். டாக்டர் 'நார்மல்' என்று கையெழுத்திடும் முன் அந்த வரி கண்ணில் படும்.