பி மெமோவும் ஆறு தசமமும்

நான் முதன்முதலில் கணினி வரைபடத்தில் ஏற்றிய பதினேழு காபித் தோட்டங்களும் வட துருவத்துப் பக்கம், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, கடலுக்குள் போய் விழுந்தன. அட்சரேகையை முன்னாலும் தீர்க்கரேகையைப் பின்னாலும் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கோப்புக்குத் தலைகீழாக வேண்டுமாம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் 11.5 வடக்கு, 76.5 கிழக்கு, மாற்றிப் போட்டால் பனிக்கடல். "அங்க ரொபஸ்டா காய்ப்பு எப்படி?" என்று கோயம்புத்தூர் அலுவலகத்தில் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

காபி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கள அலுவலர் வேலை. 2024 தொடக்கத்தில் எனக்குக் கூடலூர், பந்தலூர் பக்கம் ஒதுக்கினார்கள். காரணம் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம். எங்கள் பேச்சில் இ.யு.டி.ஆர். மாடு, கொக்கோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் என்ற ஏழும், அவற்றிலிருந்து செய்யும் பல பொருட்களும் ஐரோப்பாவுக்குள் போக வேண்டுமென்றால், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது. விளைந்த இடத்தை வரைபடத்தில் காட்ட வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி வரைய வேண்டும். அதற்குள் என்றால் ஒரு புள்ளி போதும். அந்தப் புள்ளிக்கு ஆறு தசம இலக்கம். ஆறாவது இலக்கம் என்பது அரைச் சாண் கணக்கு. சில்வர் ஓக் நிழலுக்கடியில் நின்றால் என் போன் பத்து மீட்டர் அங்கேயும் இங்கேயும் ஆடும். ஆனாலும் ஆறு இலக்கம் இல்லையென்றால் கோப்பு உள்ளே போகாது. சரி, ஆறு போட்டோம்.

நம் காபிக்குப் பெரிய கிராக்கி இத்தாலி. அதனால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

பந்தலூர் பக்கம் ஒரு பெரியவர். குடும்பம் இலங்கையிலிருந்து எழுபதுகளில் திரும்பி வந்தது. ஒன்றரை ஏக்கர் ரொபஸ்டா, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, ஓரத்தில் கொஞ்சம் தேயிலை. ஒரு புள்ளி போதும் என்றாலும் எல்லையைச் சுற்றி நடந்துவிடுவது என் வழக்கம். பின்னால் சந்தேகம் வராது. வேலி கிடையாது. "இந்தப் பலா வரைக்கும் நம்மது, அங்கிட்டு ஓடை" என்று அவர் முன்னால் போக, நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"என்னத்துக்கு தம்பி இதெல்லாம்?"

காபிக்கு, ஐயா. வெளிநாட்டுச் சட்டம் என்றேன்.

"மொளகுக்கு?"

மிளகு அந்தப் பட்டியலில் இல்லை.

"தேயிலைக்கு?"

அதுவும் இல்லை என்றேன். அவர் நின்று மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அதே மண், அதே மரம். மேலே ஏறுகிற கொடிக்குக் கேள்வி கிடையாது, கீழே நிற்கிற செடிக்கு மட்டும் உண்டு. பட்டியல் போட்டவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: ஐரோப்பா வாங்குவதில் எந்தப் பொருளால் காடு அதிகம் போகிறதோ அதை எடுத்தார்கள். அதை அவரிடம் அந்த ஓடைக்கரையில் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அவருடைய தோட்டம் கணினியில் சிவப்பாக மாறியது. 2022இல் மரப்போர்வை குறைந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்த மென்பொருள் சொன்னது. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. மழைக்கு முன்னால் வெளிச்சம் விழுவதற்காக நிழல்மரங்களைக் கவாத்து செய்திருக்கிறார். அதோடு அந்த வருஷக் காற்றில் இரண்டு மரம் சாய்ந்திருக்கிறது. இதில் பிரேசில் மாதிரித் திறந்தவெளிக் காபி வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். அங்கே மேலிருந்து பார்த்தால் தோட்டம் தோட்டமாகத் தெரியும். நம் காபி நிழலில் வளர்வது. ஐரோப்பிய ஒன்றியமே வெளியிட்ட 2020 வனப்பரப்பு வரைபடத்தில் நம் நிழல்காபித் தோட்டம் பல இடங்களில் காடாகவே நிற்கிறது. மரம் வைத்துக் காப்பாற்றியவனுக்குத்தான் விளக்கக் கடிதம் எழுதும் வேலை. சட்டத்தில் விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் காடு ஆகாது என்று தெளிவாக இருக்கிறது; படம் எடுத்து, செடியின் வயதை எழுதி அனுப்பினேன். பச்சையாக்கினார்கள். அதுவரை எல்லாம் சிரமம்தான், ஆனால் முடிகிற சிரமம்.

முடியாதது அடுத்த பக்கத்தில் இருந்தது. காட்டை அழிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. விளைந்த நாட்டின் சட்டப்படியும் விளைந்திருக்க வேண்டும். நில உரிமை, சுற்றுச்சூழல், வனம், தொழிலாளர், வரி, சுங்கம் என்று வரிசையாக வரும். எங்கள் கம்பெனி படிவத்தில் இதையெல்லாம் சுருக்கி ஒரே கேள்வியாக்கியிருந்தார்கள்: "பட்டா உள்ளதா? ஆம் / இல்லை."

கூடலூரில் இதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற மலையாள ராஜ குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உடைமை நிலம் இது. ஜன்ம ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது, 1974இல் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் வழக்கு, வழக்குக்கு மேல் வழக்கு. நீதிமன்றம் தொடக் கூடாதென்று அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் போட்ட சட்டத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன கொய்லோ தீர்ப்பு இருக்கிறதே, சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது, அது இந்தக் கூடலூர் நிலத்தில் முளைத்த வழக்குதான். அரசியல் சட்டத்துக்கே தெளிவு வந்துவிட்டது. செக்‌ஷன் 17 நிலம் என்று இங்கே சொல்லப்படும், ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் இடங்களில் இருப்பவர்களுக்குப் பட்டா வரவில்லை.

பெரியவரிடம் கேட்டேன். உள்ளே போய் ஜவுளிக்கடைப் பை ஒன்றை எடுத்துவந்தார். ரேஷன் கார்டு நகல், பழைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, அதற்கடியில் நூல் கட்டிய ஒரு கத்தை. பி மெமோ. அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறாய் என்று வருவாய்த்துறை கொடுக்கும் நோட்டீஸ், அதற்குக் கட்டிய அபராத ரசீதுகள். சிலவற்றில் மை மங்கிவிட்டது. ஒன்றில் 1991 என்று படிக்க முடிந்தது, பயிர் என்ற இடத்தில் "காபி" என்று ஒரு குமாஸ்தா சாய்வாக எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. 2020க்கு முன்பே இங்கே காபி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எந்தச் செயற்கைக்கோளும் தர முடியாது. அதே தாள்தான் அவர் சட்டப்படி இங்கே இல்லை என்றும் சொல்கிறது. ஒரு கேள்விக்கு முழு மதிப்பெண், அடுத்ததற்குச் சுழி.

அலுவலகத்தில் இதை எழுதி வைத்தேன். பட்டா கட்டாயமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்யும், விளைவிக்கவும் விற்கவும் உள்நாட்டுச் சட்டம் பட்டா கேட்காத இடத்தில் ஐரோப்பாவும் கேட்காது என்றுதான் ஐரோப்பிய ஆணையத்தின் விளக்கம் போகிறது. கேட்டுப் பார்க்கலாம் என்றேன். மேலாளர் நல்ல மனிதர்தான். "நம்ம ஊர்லயே அம்பது வருஷமா முடிவாகாததை இத்தாலிக்காரனுக்கு நான் எந்த மெயில்ல விளக்குறது?" என்றார். பட்டா இல்லாதவர்களின் பெயர்களைத் தனி ஷீட்டுக்கு மாற்றச் சொன்னார். மாற்றியது நான்தான்.

அந்தக் காபி வீணாகவில்லை. உள்ளூர் வியாபாரி எடுத்துக்கொண்டார், விலையைக் கொஞ்சம் குறைத்து. நம் வீட்டு டிக்காஷனில் அது கலந்திருக்கலாம்.

இதற்கிடையில் சட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது. 2024 டிசம்பர் என்றார்கள், 2025 என்றார்கள், இப்போது பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30. 2025 மே மாதம் இந்தியாவைக் குறைந்த ஆபத்துள்ள நாடு என்றும் அறிவித்தார்கள். அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். சோதனை குறையும், ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டாம், நல்லதுதான். புள்ளி மட்டும் இன்னும் வேண்டும்.

போன மாதம் வேறு வேலையாகப் பந்தலூர் போனபோது பெரியவரைப் பார்த்தேன். அன்றைக்குச் சுற்றி நடந்த வரைபடத்தை ஒரு தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன்; ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஓடை, பலா, வீடு எல்லாம் இருந்தது. நடுவில் அவர் பெயர், பரப்பு, எண்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடிக்காமல் அந்தப் பைக்குள் பி மெமோக் கட்டுக்கு மேலே வைத்தார்.

வாசல் வரை வந்தவர் கேட்டார்: "தம்பி, அதுல ஒங்க கம்பெனி சீல் ஒண்ணு வச்சுத் தர முடியுமா?"