எங்கள் ஓஃப் லைசென்ஸ் கடையில் நல்ல அவுஸ்திரேலிய வைன் ஏறிய கதை

லண்டனில் ஓஃப் லைசென்ஸ் கடை, அதாவது போத்தலை வீட்டுக்கு வாங்கிப் போகும் மதுக்கடை, நடத்தும் நம்மவர்களைக் கேட்டால், அவுஸ்திரேலிய வைன் என்றதும் யெலோ டெயில், ஹார்டீஸ், ஜேக்கப்ஸ் கிறீக் என்பார்கள். கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடையில் மலைபோல அடுக்கியிருக்கும், வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டியதுதான். அதற்கு மேலே ஒரு தட்டு நல்ல சாமான் வைக்க ஆசைப்பட்டால் அலைய வேண்டும்.

அளவில் பார்த்தால் அவுஸ்திரேலிய வைனை அதிகம் வாங்கும் நாடு பிரித்தானியாதான். ஆனால் பெரும்பகுதி போத்தலில் வருவதில்லை. 20 அடி கன்டெய்னருக்குள் 24,000 லீட்டர் பிடிக்கும் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து நிரப்பி அனுப்புகிறார்கள். பிரிஸ்டலுக்குப் பக்கத்து அவன்மவுத் போன்ற இடங்களில்தான் அது போத்தலுக்குள் போகிறது. அதே கன்டெய்னரில் போத்தலாக ஏற்றினால் பாதிகூடக் கொள்ளாது. கெட்ட வைன் என்று சொல்ல வரவில்லை. சனம் காண்பது இதை மட்டும் என்றால், அந்த நாட்டு வைனைப் பற்றிய அபிப்பிராயமும் அந்தப் பைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

வைன் அவுஸ்திரேலியா அமைப்பு ஜனவரியில் லண்டனில் வியாபாரிகளுக்கென்றே ருசிபார்க்கும் நிகழ்வு நடத்தும். கடைப் பெயரில் பதிந்துகொண்டு போனேன். அங்கே வெட்கப்படாமல் வாளியில் துப்பப் பழக வேண்டும். விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே ருசிதான். அவுஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கு செமியோன் என்ற வெள்ளை வைன் ஒன்றைத் தந்தார்கள். புதியது தேசிக்காய்த் தண்ணீர் மாதிரிப் பல்லைக் கூச வைத்தது. அதே தோட்டத்தின் பத்து வருடப் பழசில் வாட்டிய பாணில் பட்டர் பூசிய மணம். மரப் பீப்பாயே காணாத வைன் அது! அந்த இடத்திலேயே இறக்குமதியாளரிடம் விலை கேட்டேன்.

அப்புறம்தான் அலைச்சல். சின்னக் கடை என்றதும் சிலர் பதிலே போடவில்லை. ஒருவர் பல வகைகளைக் கலந்து எடுக்கலாம் என்றார், ஆனால் குறைந்தபட்ச ஓடருக்குக் கீழே டெலிவரிக் காசு தனி. முதலில் அனுப்பியது தீர்வை, அதாவது அரசின் மதுவரி, கட்டாத விலைப்பட்டியல். அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது, தீர்வை சேர்த்த விலையைக் கேட்டு வாங்க வேண்டும். விற்பவரின் ஏடபிள்யூஆர்எஸ் (மது மொத்த வியாபாரிகளுக்கான பதிவு) எண்ணை வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியின் தளத்தில் தட்டிப் பார்ப்பதும் நம் பொறுப்பு. பதிவில்லாதவரிடம் வாங்கினால் சரக்கையும் தூக்குவார்கள், தண்டமும் விழும்.

விலைதான் பெரிய தலையிடி. 2023 மே 31இல் அவுஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து சுங்கவரி போனது. மலியும் என்றார்கள், போத்தலுக்குச் சில பென்ஸ்தான் அது. 2025 பெப்ரவரி 1 முதல் மதுத் தீர்வை அல்கஹோல் அளவைப் பார்த்து ஏறுகிறது: 2025இன் கணக்கில் 14.5 சதவீத ஷிராஸ் (சிவப்பு வைன்) போத்தலுக்கு 3.21 பவுண், 11 சதவீத செமியோனுக்கு 2.44 ஆக இருந்தது. அப்போது ஷிராஸை 7 பவுணுக்கு விற்றால் வாட் என்ற விற்பனை வரி 1.17ஐயும் கழித்து மிஞ்சியது 2.62. போத்தல், கப்பல், என் லாபம், உள்ளே இருக்கும் வைன் எல்லாம் அதற்குள்தான். மெல்லிய வெள்ளை வைன்கள் பக்கம் நான் சாய்ந்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை.

தட்டில் வைத்த பிறகு வந்த கேள்விகள் வேறு. பிரெஞ்சு வைன் மட்டும் எடுக்கும் வெள்ளைக்காரக் கிழவர், "அவுஸ்திரேலியாவா? ஒரே ஜாம்" என்று முகத்தைச் சுளித்தார். நம்மாட்களுக்கோ மூடியில் சந்தேகம். தம்பி ஒருவர் கேட்டார்:

"அண்ணை, திருகு மூடி போட்டிருக்கு. மலிவுச் சாமானோ?"

அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் அது. கோர்க் கெட்டு வைனையும் கெடுக்கிறது என்று வெறுத்துப்போய், அங்குள்ள பல தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஒன்றாகத் திருகு மூடிக்கு மாறினார்கள் என்று சொன்னேன். தம்பி அதை நம்பினாரோ தெரியாது. நண்டுக் கறியோடு குடித்துப் பாருங்கோ என்றதும் ஒன்று எடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு. கிழவர் செமியோனுக்கு மாறிவிட்டார், ஆனால் ஜாம் என்ற சொல்லை இன்னும் விடவில்லை.

அவுஸ்திரேலியாவின் பரோசா பகுதியின் நல்ல ஷிராஸ் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. எனக்குப் பிடித்த தரத்தில் 18 பவுணுக்குக் கீழே விற்றுக் கட்டாது, அந்தக் காசுக்கு எங்கள் தெருவில் விஸ்கிதான் கேட்பார்கள். கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன்.