கூடப் போகிற வேலை

கொழும்பு புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 20 வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். என் மேசை கடையின் பின்பக்கம், மாடிக்குப் போகும் மரப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் படியால் ஏறினால் பையன்கள் தங்கும் அறை. எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள். பத்தாம் பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, ஏற்கனவே கொழும்பில் நிற்கும் ஒரு மாமாவையோ அண்ணனையோ பிடித்து வந்து சேர்ந்தவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போவார்கள். மற்ற நாட்களில் அவர்களுடைய உலகம் கடை, மாடி, ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடல், அவ்வளவுதான். படியில் இறங்கும் கால் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

பல வருடங்களுக்கு முன்னால் அவர்களில் ஒருவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். "அக்கா, ஐடி எடுக்க எங்க போகணும்?" என்று கேட்டான். மாதக் கடைசி. எனக்கு முன்னால் ஒரு கட்டு பில். பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் போக வேண்டிய இடத்தையும் கொண்டுபோக வேண்டியவற்றையும் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போய் வந்தான். "சரியா தம்பி?" என்று கேட்டேன். "சரி அக்கா" என்றான். இரண்டு மாதத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான்.

அப்புறம்தான் அவனோடு அறையில் இருந்த பையன் விஷயத்தைச் சொன்னான். வரிசையில் நின்று ஜன்னல் வரைக்கும் போயிருக்கிறான். உள்ளே இருந்தவர் சிங்களத்தில் இன்னொரு பத்திரம் கேட்டிருக்கிறார். இவனுக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, கடுதாசிகளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். என்னிடம் திரும்பக் கேட்க வெட்கம். நான் அந்தத் துண்டில் எழுதிக் கொடுத்தது எல்லாம் சரியான தகவல்தான். எந்த எழுத்திலும் பிழை இல்லை. அவன் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அடையாள அட்டை இல்லாத பையனுக்குக் கொழும்பு எப்படி இருக்கும் என்பது 2019இல் நன்றாகத் தெரிந்தது. ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு சோதனை. எங்கள் மாடியில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள், இரண்டு பேரிடம் அட்டை இல்லை. இருட்டினால் அந்த இருவரும் சாப்பாடு வாங்கக்கூட இறங்கமாட்டார்கள். மற்றவர்கள் பார்சல் வாங்கி வருவார்கள். அந்த இருவரில் ஒருவனைப் பார்த்து, "உன்னோட நான் வாறேன், வா" என்று சொன்னேன். இந்த வேலை அங்கேதான் தொடங்கியது.

சொல்லிவிட்டேனே தவிர, அது எவ்வளவு நீண்ட பாதை என்று எனக்குத் தெரியாது. அவனுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலை விடுகைப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அப்பா வாயால் சொன்ன தமிழ்ப் பெயரைப் பதிவாளர் காதில் விழுந்தபடி சிங்கள எழுத்தில் எழுதுவார், பிறகு அது ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கழன்றுவிடும். அதைத் திருத்த வேண்டும். தோட்டத்தில் குடியிருப்பவர் என்றால் விண்ணப்பத்தில் தோட்ட அத்தியட்சகரின், அதாவது பெரிய துரையின், ஒப்பம் வேண்டும். தோட்டத்து கிளாக்கர் ஐயாவோடு நான் போனில் பேசினேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பெரிய துரையின் ஒப்பத்துக்காக அவனுடைய அப்பா மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தார். அந்த மூன்று நாளும் அவருடைய நாட்சம்பளம் போயிருக்கும். எல்லாம் கைக்கு வர நாலு மாதம் ஆயிற்று.

அட்டையை ஒருநாள் சேவையில் எடுப்பதற்கு இரண்டு பேரும் பத்தரமுல்லையில் இருக்கிற ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விடிய முன்னமே பஸ் ஏறினோம். முறை வந்து கவுன்டருக்குப் போனதும் அங்கிருந்த பெண் சிங்களத்தில் ஏதோ கேட்டார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வாய் வரைக்கும் வந்த பதிலை அடக்கிக்கொண்டு, "நீயே சொல்லு தம்பி, தமிழிலயே சொல்லு" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. அடுத்த மேசையிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். அவர் கேட்ட ஏழெட்டுக் கேள்விக்கும் தம்பியே பதில் சொன்னான். தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு ஆட்சிமொழி ஆகிவிட்டது. அது அந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் 18 வயதுப் பையனின் நாக்குக்கு வந்து சேர, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது. பின்னேரம் அட்டை கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினான். அம்மா உடனே கோல் எடுத்துவிட்டார். என்னோடும் பேசினார். பேசினார் என்பதைவிட அழுதார் என்று சொல்ல வேண்டும்.

அட்டை வந்தபிறகு அவனை ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எஃப்.) சேர்ப்பது என் மேசை வேலை. சம்பளத்திலிருந்து 8 வீதம், கடையிலிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் (ஈ.டி.எஃப்.) கடையிலிருந்து இன்னும் 3 வீதம். கொஞ்சக் காலம் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம் என்பது தெருவின் வழக்கம். வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும் என்பது சட்டம். இதை முதலாளியிடம் பேச எனக்கு இத்தனை வருடம் ஆனதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். பேசியபோது அவர் மறுக்கவில்லை.

2022இல் வகுப்பு ஆரம்பித்த கதை வேறு. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போன அந்த மாதங்களில் வியாபாரம் படுத்துவிட்டது. வேளைக்கே ஷட்டரை இழுத்துவிடுவோம். டீசல் இல்லாமல் பஸ் ஓடவில்லை, பையன்கள் ஊருக்கும் போக முடியாது. படியில் வரிசையாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பாடசாலைகள் மூடிக் கிடந்த அந்த நாட்களில் அவருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. "பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கோ, வாறேன்" என்றார். வந்தார், அந்த வயதில், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே.

மாடியைக் கேட்டபோது முதலாளி, "தங்கச்சி, படிச்சா பையன் கடையில நிப்பானா?" என்றார். நியாயமான கேள்வி. அவரும் சின்ன வயதில் இதே தெருவில் மூட்டை தூக்கியவர்தான். நிற்கமாட்டான் என்றுதான் நினைக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை கடை மூடும்போது மாடிச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஞாயிறு இரண்டு மணிக்கு வகுப்பு நடக்கிறது. பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிங்களம் எழுத வாசிக்க, விண்ணப்பம் நிரப்ப, வங்கிப் புத்தகம் பார்க்க, பின்னக் கணக்கு. பின்னக் கணக்கை அந்தக் கணக்கு ஆசிரியர், எங்கள் சேர், பைப் துண்டுகளை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார். அரை அங்குலம், முக்கால் அங்குலம், ஒன்றேகால் என்று பையன்கள் நாள் முழுக்கத் தூக்கிக் கொடுக்கிற சாமான். பாடசாலையில் ஏறாதது இங்கே இரண்டு ஞாயிறில் ஏறியது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். கொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கமான சின்னச் சின்ன வீடுகள் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கடையில் சாமான் எடுக்கும், பைப் பொருத்தும் வேலை செய்கிற பாஸ் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, லீவு நாட்களில் ஒருவனைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப் போனார். இரண்டு வருடம் அப்படிக் கற்றான். சாதாரண தரப் பரீட்சையில் (சா/த) சித்தி இல்லாவிட்டாலும், பயிற்சி நெறிக்குப் போகாவிட்டாலும், வேலை செய்து கற்றதைச் சோதித்து தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் தரும் வழி ஒன்று இருக்கிறது. பயிலுநர் அதிகார சபையும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் அதைச் செய்கின்றன. இதைத் தெரியாமல் நல்ல கைவேலைக்காரர்கள் எத்தனையோ பேர் காலம் முழுக்க கையுதவியாளாகவே இருக்கிறார்கள். செய்த வேலைகளின் படங்கள், பாஸ் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்தோம். சோதிக்கும் நாளில் பாஸ் தன் வேலையை விட்டுவிட்டு அவனோடு போனார். நான் கேட்கவே இல்லை. இப்போது அந்தப் பையன் தனியாக வேலை எடுக்கிறான். சாமான் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவான். முதலாளி அவனுக்கு விலை குறைத்துப் போடச் சொல்வார்.

எல்லாம் இப்படிச் சரியாக நடப்பதில்லை. போன பொங்கல் முடிந்து ஒரு மாமா தன் மருமகனைக் கூட்டி வந்தார். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். 15 வயது. 2021இல் சட்டத்தைத் திருத்திய பிறகு 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது என்றேன். மாமாவுக்குக் கோபம். "வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியுமா மிஸ்?" என்று கேட்டார். தெரியாதுதான். சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அவன் அடுத்த தெருவில் வேறு கடைக்குப் போவான், அவ்வளவுதான். கணக்கு சேர் அவனுடைய பாடசாலை அதிபரோடு பேசினார். நாங்கள் சிலர் சேர்ந்து சா/த எழுதும்வரை பஸ் காசும் கொப்பிச் செலவும் அனுப்புவது என்று முடிவெடுத்தோம். மூன்று மாதம் போனான். பிறகு நின்றுவிட்டான். எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். மேடை போட்டுப் புத்தகப்பை கொடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், பையும் தேவைதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. கொழும்பில் இருந்துகொண்டு எங்களால் அது முடியவில்லை.

மாடிக்குப் புதிதாக நோர்வூட் பையன் ஒருவன் வந்திருக்கிறான். போன ஏப்ரலில் 18 ஆனது. அட்டை இல்லை. தோட்டத்து ஒப்பம் எல்லாம் வந்துவிட்டது, வியாழக்கிழமை பத்தரமுல்லை போக வேண்டும். லீவு சொல்ல மேசைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மற்றவன் 2019இல் என்னோடு பஸ் ஏறிய அதே தம்பி. இப்போது ஸ்டோர் முழுக்க அவன் பொறுப்பு.

"நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா. மாசக் கடைசி, நீங்க பில்லப் பாருங்க" என்றான்.

அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. வாங்கித் திறந்து, பத்திரங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.