கோபமில்லாத முகம்

"அம்மா, சாமி சண்டை போடுறாங்க. ஆனா முகத்துல கோபமே இல்லையே?"

மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகையில் இன்று மகள் கேட்டாள். எத்தனையோ முறை வந்திருக்கிறேன், அந்த முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

துர்க்கைக்கு எட்டுக் கை, பாயும் சிங்கம், கையில் வில். எருமைத் தலை அசுரன் கதாயுதத்தோடு பின்வாங்கிச் சாய்கிறான். அவளோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பெண்போல அத்தனை அமைதி! 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு அம்மாக்களைத் தெரிந்திருக்கிறது. பிள்ளைக்காக எழுந்து நிற்பவளுக்குக் கத்தத் தேவையில்லை.

எதிர்ச் சுவரில் பெருமாள் பாம்பணையில் தூங்குகிறார். தேவியின் பெருமை பாடும் தேவி மாகாத்மியம் என்ற நூல் சொல்வதைப் பார்த்தால் அந்தத் தூக்கமும் அவள்தான், யோகநித்திரை.

போர் ஒரு பக்கம், தாலாட்டு ஒரு பக்கம்.

மகள் நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாம் வா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.