வெப்ப எச்சரிக்கை வரும் நாளுக்குத் தனி கரண்ட் கட்டணம் வேண்டும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பிப்ரவரி, மார்ச் வந்தால் வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப எச்சரிக்கை வர ஆரம்பித்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி என்றால் முதல் நிலை, 37 முதல் 40 வரை என்றால் இரண்டாம் நிலை, அதற்கும் மேலே போனால் மூன்றாம் நிலை. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. எச்சரிக்கை வந்ததும் பள்ளிகளில் வெளி நடவடிக்கைகளை நிறுத்துகிறார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள், சரி. அதே எச்சரிக்கையை நம் கரண்ட் பில்லோடும் இணைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் கெடாவின் பாடாங் செராயிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) ஏர்கோன் சர்வீஸ் பார்க்கிறவன். சாதாரண நாளில் 24 டிகிரியில் வைத்த ஒரு எச்பி (குதிரைத்திறன்) ஏர்கோன் அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும், சூடு ஏறினால் மறுபடி ஓட்டும். தாமானில் நூறு வீடு இருந்தாலும் நூறு கம்ப்ரஸரும் ஒரே சமயத்தில் ஓடாது, இங்கே ஒன்று நிற்கும்போது அங்கே ஒன்று ஓடும், சுமை பரவிவிடும். 37 டிகிரி நாளில் அது நடக்காது. கூரையும் சுவரும் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால் கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது, நூறும் சேர்ந்து ஓடும், இன்வர்ட்டர் மாடலும் வேகத்தைக் குறைக்க வழியில்லாமல் முழு வேகத்தில் ஓடும். ஃபில்டர் கழுவாத வீடாக இருந்தால் இன்னும் மோசம். வெயில் இரண்டு டிகிரி ஏறும்போது மின்தேவை அதைவிட வேகமாகத் தாவுவது இதனால்தான்.

கொடுக்கிற பக்கமும் அதே நாளில்தான் தளர்கிறது. எரிவாயு டர்பைன் சூடான காற்றை இழுத்தால் உற்பத்தி குறையும், சோலார் பேனல் சூடேறினாலும் குறையும், கம்பி சூடேறினால் தாங்கும் அளவு குறையும், வறட்சி நீண்டால் அணையில் தண்ணீர் இறங்கும். குருணிலும் புக்கிட் செலாம்பாவிலும் இருக்கிற சோலார் நிலையங்கள் மாலை ஏழு மணிக்குள் ஓய்ந்துவிடும், வீட்டுச் சுவரோ பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிவரை விட்டுக்கொண்டிருக்கும், எல்லாரும் வேலை முடிந்து வந்து ஏர்கோனைப் போடுவதும் அப்போதுதான்.

மின்சார நிறுவனமான டிஎன்பியின் கம்பி வருவதற்கு முன்னால் தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஜெனரேட்டர் கரண்டுதான், அதுவும் மாலையில் சில மணி நேரம். யாராவது இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் எல்லா வீட்டு விளக்கும் மங்கும், இஞ்சின் சத்தம் இறங்கும், உடனே “யாரு வீட்ல இஸ்திரி போடுறது?” என்று குரல் வரும் என்று அம்மா சொல்வார். தீபகற்ப மலேசியா முழுவதற்கும் இதே கணக்குதான், அளவுதான் பெரிது. தேவையும் உற்பத்தியும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி திரெங்கானு பாக்கா மின்நிலையத்துக்கு அருகே தொடங்கிய ஒரு கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. அதற்கு வெயில் காரணமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்று மஞ்சோங் மின்நிலையத்தில் பெரிய உற்பத்தி யூனிட் ஒன்றே 1,000 மெகாவாட், கையிருப்பு குறைந்திருக்கிற வெயில் நாளில் அப்படி ஒன்று கழன்றால் என்ன ஆகும்? மற்ற நிலையங்கள் உடனே ஈடுகட்ட முடியாமல் ஹெர்ட்ஸ் இறங்கினால், முழு வலையமைப்பும் விழாமல் காப்பாற்றச் சில பகுதிகளைத் தானியங்கிக் கருவி துண்டித்துவிடும். அந்தப் பகுதியில் யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

அப்படி வெட்டும் நிலைக்குப் போகாமல், முன்கூட்டியே மக்களிடம் கேட்டு, சம்மதித்தவர்கள் குறைத்துக்கொள்வதைத்தான் தேவைக் குறைப்புத் திட்டம் என்கிறேன். 10 லட்சம் வீடுகள் அரைக் கிலோவாட் குறைத்தால் 500 மெகாவாட், அதாவது மஞ்சோங் யூனிட்டில் பாதி. கலிஃபோர்னியாவில் 2022 செப்டம்பர் 6ஆம் தேதி கடும் வெயிலில் தேவை 52,000 மெகாவாட்டைத் தாண்டியபோது அரசு மாலையில் கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்கு அவசரச் செய்தி அனுப்பியது, ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 2,000 மெகாவாட் இறங்கியது, சுழற்சி முறை மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. மக்கள் கேட்டால் செய்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் காசு கொடுக்காமல் வாரம் ஒருமுறை கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இங்கே 2025 ஜூலை முதல் வீட்டுக்காரர்களுக்கும் நேரவாரிக் கட்டணம் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், மற்ற நேரம் மலிவு. நல்ல தொடக்கம், ஸ்மார்ட் மீட்டர் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் யூனிட்டுக்குச் சுமார் 4 காசு. ஒரு எச்பி ஏர்கோனை நான்கு மணி நேரம் தள்ளிப் போட்டால் 12, 13 காசு மிச்சம், அதற்காக யார் வியர்வையில் உட்காருவார்? அதோடு இந்தக் கட்டணத்துக்கு மணி மட்டும்தான் தெரியும், வானம் தெரியாது. அக்டோபரில் அடைமழை பெய்யும் செவ்வாய்க்கிழமையும் மார்ச்சில் கொளுத்தும் செவ்வாய்க்கிழமையும் அதற்கு ஒன்றுதான். நான் கேட்பது, இரண்டாம் நிலை எச்சரிக்கை உள்ள சில நாட்களுக்கு மட்டும், முந்தைய நாளே கைப்பேசியில் சொல்லிவிட்டு, குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ரிங்கிட்டாவது பில்லில் கழிக்க வேண்டும்.

குறைத்ததை எப்படி அளப்பது என்பதுதான் இதில் கடினமான இடம். நேற்று மழை, இன்று வெயில் என்று வையுங்கள். நேற்றைய மீட்டரோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கூடுதலாக ஓட்டியதாகத்தான் காட்டும், பணம் வராது. முன்பு இதே அளவு வெயிலடித்த நாட்களில் உங்கள் வீடு எவ்வளவு இழுத்தது என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஸ்மார்ட் மீட்டரின் பதிவையும் வானிலைத் துறையின் வெப்பப் பதிவையும் சேர்த்தால் இது முடியும்.

அப்புறம், யாரிடம் முதலில் கேட்பது? தகரக் கூரை வீட்டில் இருக்கிற பாட்டியிடம் கேட்கக் கூடாது, அவருக்கு அந்த ஒரு ஏர்கோன்தான் மருந்து. கூலிமில் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற பிள்ளைகளிடமும் கேட்கக் கூடாது. சட்டை மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்காரும் அளவுக்குக் குளிரும் பேரங்காடிகள், அலுவலகங்கள், வங்கிகளிடம் கேளுங்கள். கான்கிரீட் கட்டடத்தை மதியமே, சோலார் நிறைய இருக்கும்போதே, குளிர்வித்துவிட்டால் மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். தகரக் கூரைக்கு அந்த வசதி கிடையாது, கால் மணியில் சூடு திரும்பிவிடும். செம்பனை ஆலைகளையும் மறக்க வேண்டாம், பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துச் சொந்த டர்பைன் ஓட்டுகிறவர்கள், உச்ச நேரத்தில் வெளிக் கரண்டைக் குறைத்துக்கொள்ள அவர்களால் முடியும்.

திரும்ப ஓட்டும்போதும் ஒழுங்கு வேண்டும். எல்லா ஏர்கோனையும் இரவு ஒன்பதுக்கு ஒரே சேர விட்டால் குறைத்ததெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து டிரான்ஸ்ஃபார்மரை அடிக்கும், தாமான் வாரியாகப் பத்து பத்து நிமிடம் தள்ளி விட வேண்டும். கரண்ட் போய்த் திரும்பும் நேரத்துக்கும் இதுவே பொருந்தும், ஏர்கோன் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள், கம்ப்ரஸருக்கும் நல்லது.

திட்டம் எழுதுகிறவர்கள் வாடகை வீடுகளையும் நினைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய, மீட்டர் வீட்டுக்காரர் பெயரில், பில்லைக் கட்டுவது குடியிருப்பவர். வியர்வையில் உட்காருகிறவர் ஒருவர், பில் கழிவு போய்ச் சேரும் கணக்கு இன்னொருவருடையது என்று இருந்தால் முதல் வெயிலிலேயே திட்டம் படுத்துவிடும். பில் கட்டுகிறவர் தன் பெயரைப் பதிந்து அந்தக் கழிவை வாங்கிக்கொள்ள முதல் நாளிலிருந்தே வழி இருக்க வேண்டும்.